பல்லைக் கடிக்காமல் வலியைக் கடக்க: மஞ்சக்குப்பம் தளர்வுப் பயிற்சி மையம்

கடந்த ஆவணியில் எனக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. அறுவை புதுச்சேரியில், வீடு கடலூர் புதுப்பாளையத்தில். ஐந்தாம் நாள் வாக்கரும் மாத்திரைப் பையுமாக வீடு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு பத்து நாட்கள் நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளுக்கு முன் இதே அறுவை செய்துகொண்ட எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் மஞ்சக்குப்பத்தில் உள்ள இந்த மையத்துக்குப் போனேன். அறுவைக்குப் பின் வரும் வலியையும் பதற்றத்தையும் தணிப்பதற்காக மூச்சு, தசைத் தளர்வு, மனக்காட்சி, இசை ஆகியவற்றைக் கற்றுக்கொடுப்பது மட்டுமே இங்கே வேலை. காலை மடக்கி நீட்டும் பிசியோதெரபியை வேறொருவர் வீட்டுக்கு வந்து செய்தார். வாரத்துக்கு இரண்டு என்று ஆறு வாரங்களில் 12 வகுப்புகளையும் முடித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

போகும்போது என் நிலை என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் பின்னால் சொல்லப்போவதன் அளவு விளங்கும். பகலில் மாத்திரைகள் வலியை ஓரளவு அடக்கி வைத்திருந்தன. இரவு இரண்டு மணிக்கு மேல், வீடே உறங்கிக் கிடக்கும் வேளையில், முழங்காலுக்குள் யாரோ திருகாணி முடுக்குவது போல இருக்கும். அதைவிடக் கொடியது காலை எட்டு மணி. பிசியோதெரபி செய்ய வரும் தம்பியின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டவுடனே என் கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் காலைத் தொடுவதற்கு முன்பே எனக்கு மூச்சு நின்றிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பதுதான் நம் வீடுகளில் வலிக்குச் சொல்லும் முதல் மருந்து. என் மகனும் அதையே சொன்னான், நானும் அப்படியே செய்தேன். இரண்டு வாரம் ஆகியும் மூட்டு 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை.

மையத்தின் பயிற்சியாளர் முப்பது வயதை ஒட்டிய பெண். பிசியோதெரபி படித்துவிட்டுப் பின்னர் யோக சிகிச்சையும் படித்தவர். முதல் நாள் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு முக்காலியும் அதன்மேல் மடித்த போர்வையும் வைத்துவிட்டு, ஒரு சிறு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்டார். வலிக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு மதிப்பெண்? பயத்துக்கு எவ்வளவு? முதல் கேள்வியை மருத்துவமனையில் நாளுக்கு நான்கு முறை கேட்டார்கள். இரண்டாவது கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. வலி ஆறு, பயம் எட்டு என்றேன். “அப்படின்னா மொதல்ல இந்த எட்டைக் கொறைப்போம் டீச்சர், ஆறு தானா கொஞ்சம் எறங்கி வரும்” என்றார். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் இந்த இரண்டு எண்களையும் என் கையாலேயே எழுத வைத்தார். வலியையும் பயத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகியதே எனக்குப் பாதி மருந்தாக இருந்தது.

இதற்கு அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. பயத்தில் உடம்பு இறுகும்போது அறுவை நடந்த இடத்தைச் சுற்றியுள்ள தசைகளும் சேர்ந்து இறுகுகின்றன. இறுகிய தசை வலியைக் கூட்டுகிறது. கூடிய வலி பயத்தைக் கூட்டுகிறது. வலி என்பது புண்ணிலிருந்து மூளைக்கு நேராகப் போகும் ஒற்றைக் கம்பிச் செய்தி இல்லை என்பதையும், வழியில் முதுகுத்தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருந்து அதை மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் திறக்கவோ சாத்தவோ முடியும் என்பதையும் 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் முன்வைத்தார்கள் என்று அவர் சொன்னார். அந்தக் கோட்பாட்டில் பின்னர் பல திருத்தங்கள் வந்துவிட்டாலும், மனநிலை வலியின் அளவை மாற்றும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். காரணம் தெரியாமல் எதையும் செய்ய மனம் ஒப்பாது. காரணத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்கிய அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் பாடம் தாடை. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் 12 வகுப்புகளில் கற்றவற்றில் இன்றுவரை நாள் தவறாமல் பயன்படுவது இதுதான். கொட்டாவி வரத் தொடங்கும் முன் தாடை எப்படி இலேசாகக் கீழே இறங்குமோ அந்த அளவுக்கு மட்டும் கீழ்த்தாடையை விட வேண்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. நாக்கை வாயின் அடியில் அசையாமல் படுக்க வைக்க வேண்டும். உதடுகள் தொட்டும் தொடாமலும் இருக்கலாம். பிறகு மூச்சை உள்ளே, வெளியே, ஒரு சிறு ஓய்வு என்ற மூன்று தாளத்தில் விட வேண்டும். இத்தனையும் செய்துகொண்டே மனத்துக்குள் சொற்களை உருவாக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கடைசிப் படி. நாக்கு அசைந்துகொண்டிருந்தால் மனத்துக்குள் பேச்சு ஓயாது என்பதை நாமே செய்து பார்த்தால்தான் தெரியும். முதல் முறை என் கன்னத்தில் விரல் வைத்துப் பார்த்த பயிற்சியாளர், காதுக்குக் கீழே தாடை எலும்பின் மூலையில் புடைத்து நின்ற தசையை நானே தொட்டுப் பார்க்கும்படி செய்தார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி போல அது இருந்தது. அறுவை முடிந்த நாளிலிருந்து நான் பல்லைக் கடித்தபடியே வாழ்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் அந்தக் கட்டி விரலுக்கடியிலேயே கரைந்தது. தாடை இறங்கியதும் தோள் இறங்கியது, தோளைத் தொடர்ந்து, யாரும் சொல்லாமலே, தொடையும் நாற்காலியில் படிந்தது.

இந்தத் தாடைத் தளர்வு கைவைத்தியமாக வந்ததில்லை. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மேரியன் குட் என்ற செவிலியத் துறைப் பேராசிரியை, பெரிய வயிற்று அறுவை செய்துகொண்ட 500 பேரிடம் தாடைத் தளர்வு, இசை, இரண்டும் சேர்ந்தது என்று தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்து 1999இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார். வழக்கமான வலி மருந்தோடு இவற்றையும் செய்தவர்களுக்கு, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட முதல் இரண்டு நாட்களிலும் வலி குறைவாக இருந்தது. வயிற்று அறுவையும் மூட்டு அறுவையும் ஒன்றாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முழங்காலுக்கு இது உதவியது என்பது என் அனுபவம் மட்டுமே.

எங்கள் பக்கத்தில் வலி என்றதும் நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசர். சூலை நோய் தாளாமல் திருவதிகைக்கு வந்து நின்ற அவர் வாய்விட்டுப் பாடித்தான் வலியைத் தீர்த்துக்கொண்டார் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வாயை மூடிப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக எப்போது எடுத்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

இரண்டாம் வாரம் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. இது எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தது. இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தளர்வு எப்படி இருக்கும் என்று தசைக்குப் புரியும் என்பது அதன் அடிப்படை. ஒரு தசைக் கூட்டத்தை ஐந்து முதல் ஏழு வினாடி இறுக்கிவிட்டு, இருபது முப்பது வினாடி சும்மா விட வேண்டும். துருவிய தேங்காயில் பால் பிழிவது போல இடக்கையை மூடுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னபோது, இருந்த ஆறு பெண்களுக்கும் மறுவிளக்கம் தேவைப்படவில்லை. குடையில்லாமல் மழையில் மாட்டிக்கொண்டால் தோளைத் தூக்குவோமே, அப்படித் தூக்குங்கள் என்றார். அறுவை நடந்த காலுக்கு மட்டும் வேறு விதி: அதை இறுக்கவே கூடாது, அந்தக் காலை நினைத்து, மூச்சு வெளியேறும்போது விட்டுவிட வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு கசப்பான அனுபவமும் நேர்ந்தது. ஐந்தாம் வகுப்பன்று பயிற்சியாளர் விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்தவர் எவருக்கு எந்த அறுவை என்று நோட்டைப் பார்க்காமலேயே, எல்லோரும் இரண்டு தொடைகளையும் இறுக்குங்கள் என்று சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்யும் பழக்கத்தில் நானும் இறுக்கினேன். அன்று மாலை முழங்கால் வீங்கி, வலியின் எண் எட்டுக்குப் போய், ஐஸ் பேக்கும் மாத்திரையுமாக இரவைக் கழித்தேன். மறு வகுப்பில் பயிற்சியாளர் வருத்தம் தெரிவித்தார். அதன்பின் ஒவ்வொருவர் பாயின் தலைமாட்டிலும் அறுவை நடந்த இடத்தை எழுதிய அட்டை வைக்கத் தொடங்கினார்கள். செய்தது சரி; ஆனால் அறுவை நோயாளிகளுக்கென்றே நடத்தும் இடத்தில் அந்த அட்டை முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி எனக்கு எளிதில் வரவில்லை. வயிறு உப்பும்படி மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். நெஞ்சு உயரக் கூடாது. நாற்பது ஆண்டுகளாகப் புடவைக் கொசுவத்துக்காக வயிற்றை உள்ளே இழுத்தே நின்ற எனக்கு, வயிற்றை வெளியே விடுவது என்பதே கூச்சமாக இருந்தது. அதைக் கவனித்த பயிற்சியாளர், அருகே வந்து காதோடு, “பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்குங்க டீச்சர்” என்றார். தளர்த்திய மறுகணம் மூச்சு அடிவயிறு வரை போனது. நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே என்று விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் விடுவது பன்னிரண்டு முதல் இருபது. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு மெல்ல இறங்குகிறது என்பதைக் கையின் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லி நிரூபித்தும் காட்டினார். ஆழமாக இழுக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் வேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றும். எனக்கு ஒருமுறை சுற்றியது. மெதுவாக விடுவதுதான் முக்கியம்.

மனக்காட்சிப் பயிற்சியைப் பற்றி எழுதும்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, மனத்துக்கு அமைதி தரும் ஓர் இடத்தில் இருப்பதாக ஐம்புலன்களாலும் உணர்வதுதான் இந்தப் பயிற்சி. முதல் நாள் அதற்காக ஓர் ஒலிப்பதிவைப் போட்டார்கள். கடற்கரை, இளங்காற்று, பின்னணியில் அலையோசை. என் பக்கத்துப் பாயில் தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் அம்மா ஒருவர் படுத்திருந்தார். கர்ப்பப்பை அறுவை செய்துகொண்டவர். பதிவு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அந்த அலைச் சத்தத்த நிறுத்தும்மா, நிறுத்து” என்றார். குரல் நடுங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் அந்தக் கடற்கரை என்ன ஆனது என்பது கடலூர்க்காரர்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பயிற்சியாளர் உடனே பதிவை நிறுத்திவிட்டு, வகுப்பையே விட்டுவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பதிவை அவர் போடவே இல்லை. ஒவ்வொருவரிடமும் அவரவருக்கு நிம்மதியான இடம் எது என்று கேட்டு, அதை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தார். அந்த அம்மா தன் அம்மா வீட்டுத் திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மத்தியானத்தைச் சொன்னார். நான் சொன்னது நெல்லிக்குப்பத்தில் என் தாத்தா வீட்டுக் கரும்புக்கொல்லை: கால் விரலிடுக்கில் ஈரமண், சோகை உரசும் சத்தம், தூரத்தில் வெல்லம் காய்ச்சும் வாசம். இன்றும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நான் போவது அங்கேதான். எங்கோ அச்சடித்து வரும் பொதுக்காட்சி எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அந்த அம்மா எங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். அதை ஏற்றுக்கொண்டு முறையையே மாற்றிய பயிற்சியாளரின் பண்பு இந்த மையத்தின் பெரிய பலம்.

இசைப் பகுதி சுமார். இசைக்கு அறுவை வலியைக் குறைக்கும் ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை; 2015இல் லான்செட் மருத்துவ இதழில் 73 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான கட்டுரை, இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலி மருந்தின் தேவையும் குறைந்ததாகவும், மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை என்றும் காட்டியது. ஆனால் இங்கே இருக்கும் ஒலிபெருக்கி கரகரக்கிறது. சாலையோர அறை என்பதால் பேருந்து ஹாரனும் உள்ளே வருகிறது. நான் வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு புல்லாங்குழல் கேட்டதே நன்றாக இருந்தது.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு என் நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். மூன்றாம் வார முடிவில் வலி நான்கு, பயம் மூன்று. ஆறாம் வார முடிவில் வலி இரண்டு, பயம் ஒன்று. மூட்டு 105 டிகிரி மடங்குகிறது. நாளாக நாளாகப் புண் ஆறியதும், பிசியோதெரபி தம்பியின் உழைப்பும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பயிற்சியால் என்றே உறுதியாக நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: வண்டிச் சத்தம் கேட்டால் இப்போது என் கை கட்டில் சட்டத்தைத் தேடுவதில்லை. தாடையை இறக்கிவிட்டு, மூச்சை வெளியே விடும்போது காலை மடக்கச் சொல்கிறேன். முதல் முறை அப்படிச் செய்த அன்று, முந்தைய நாளைவிட எட்டு டிகிரி கூடுதலாக மடங்கியது.

மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயந்து தயங்குபவர்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை. காலை எட்டு மணிப் பிசியோதெரபிக்கு எவ்வளவு நேரம் முன்னால் மாத்திரை போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வரும்படி என்னை அனுப்பியதே இவர்கள்தான். மாத்திரை குறைந்தது மருத்துவர் குறைத்தபோதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்காம் வாரத்தில் ஒருநாள் கெண்டைக்கால் கனமாகவும் சற்றுச் சூடாகவும் இருப்பதாகச் சொன்னேன். பயிற்சியாளர் பாயை விரிக்கவே விடவில்லை. காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம், இதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தில்லை என்று சொல்லி, ஆட்டோ பிடித்து அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவை இருந்தால் தளர்வுப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது என்று எழுதிய தாளைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். தன் வித்தையின் எல்லை தெரிந்தவரிடம் உடம்பை ஒப்படைக்க எனக்குத் தயக்கமில்லை.

குறைகளில் முதலாவது மாடிப்படி. முழங்கால் அறுவை செய்தவர்கள் வரும் இடத்தை லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் வைத்திருப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. பதினேழு படிகள், முதல் நாள் என் மகனும் ஆட்டோக்காரத் தம்பியும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் ஏற்றினார்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறை எடுக்கும்வரை, முதல் இரண்டு வாரங்களுக்கு வீட்டு வருகைக் கட்டணத்தையாவது குறைக்க வேண்டும். மைய வகுப்புக்கு 400 ரூபாய். வீட்டுக்கு வந்தால் 700 ரூபாய். 12 வகுப்புக்கும் சேர்த்து 4,800 ரூபாயை முன்பணமாகவே வாங்குகிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு முடிந்தது, தேவனாம்பட்டினத்து அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினார். வகுப்புக்கு வகுப்பு கட்டும்படி மாற்றினால் பலர் வருவார்கள்.

அடுத்தது, வீட்டில் கேட்பதற்காகக் கைபேசியில் அனுப்பும் பதிவு. வகுப்பில் நம் பேச்சில் நம்மோடு பேசும் அதே பயிற்சியாளர், பதிவில் செய்தி வாசிப்பது போலப் பேசுகிறார். “தங்களது வலது பாதத்தினைத் தளர்த்துங்கள்” என்று கேட்டால் எனக்குத் தேர்வு அறை நினைவு வருகிறது. அவருடைய இயல்பான குரலிலேயே பதிவு செய்து அனுப்பினால் போதும்.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை வேறு. இந்தப் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொள்ள இங்கே வழியில்லை. வலியில் துடிக்கும்போது புதிதாக மூச்சைப் பழகுவது, ஆற்றில் விழுந்தபின் நீச்சல் கற்பதைப் போன்றது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்கு முந்தைய இரவு நான் ஒரு நிமிடமும் உறங்கவில்லை. அன்று இந்தத் தாடைப் பயிற்சி தெரிந்திருந்தால் அந்த இரவும், அறுவை முடிந்து விழித்த முதல் இரவும் வேறு மாதிரி கழிந்திருக்கும். அறுவைக்கு நாள் குறித்தவர்களுக்காக இரண்டு வகுப்புகள் மட்டும் தனியாக வைக்கும்படி பயிற்சியாளரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அறுவைக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் நீங்களும் போய்க் கேளுங்கள், நான்கு பேர் சேர்ந்தால் தொடங்கிவிடுவார்.

போகிறவர்கள் காலை பத்தரை மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். மாலை வகுப்பில் கூட்டமும் சாலைச் சத்தமும் அதிகம். அங்கே இருக்கும் தலையணைகள் தட்டை. முழங்காலுக்குக் கீழே வைக்கவும், வயிற்று அறுவை செய்தவர்கள் இருமல் வந்தால் தையல்மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளவும் வீட்டிலிருந்து ஒரு கெட்டியான தலையணை எடுத்துச் செல்லுங்கள். நாடாவைத் தளர்த்திக்கொள்ளும்படியான உடை உடுத்திப் போவது நல்லது.